படி ஏறி இறங்கும் காற்று

வானொலியில் வேலை பார்ப்பவர்களுக்குக் காற்று ஒரு தொல்லை. ஒலிவாங்கியில் லேசாகப் பட்டாலும் போதும், பேட்டி கொடுப்பவர் சொன்ன நல்ல வரி 'புஸ்ஸ்' என்று போய்விடும். அதற்காகத்தான் ஒலிவாங்கியின் தலையில் பஞ்சுத் தொப்பி மாட்டி வைக்கிறோம். பத்தாண்டுக்கு மேல் இந்த வேலையில் இருப்பதால், எந்த இடத்தில் காற்று வரும், எங்கே வராது என்பது எனக்குக் காதால் தெரியும்.

சென்ற தீபாவளிக்கு முன் லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்து வாசலில் நேயர்களின் வாழ்த்துகளைப் பதிவு செய்தோம். முதலில் சாலையோரம், பிறகு கூட்டம் தாங்காமல் படிக்கட்டின் நடுவில், கடைசியில் மழை வந்ததும் கீழே கட்டணக் கதவுகளுக்கு அருகில். மூன்று இடங்களின் பதிவையும் கணினியில் போட்டுப் பார்த்தபோது மூன்று ஊர்களில் எடுத்ததைப் போல் இருந்தது. சாலையில் காற்றின் இரைச்சல். படியின் நடுவில் ஏறக்குறைய அமைதி. கீழே குளிர்சாதனத்தின் ஒரே சீரான முணுமுணுப்பு மட்டும். இத்தனைக்கும் சில நிமிடங்களுக்கு ஒரு ரயில் அடியில் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. அது வந்ததற்கான அடையாளமே பதிவில் இல்லை.

எனக்கு அது வியப்பு. ஏனென்றால் பல ஆண்டுகளுக்கு முன் லண்டனுக்குச் சுற்றுலா போயிருந்தபோது அங்குள்ள சுரங்க ரயில் நிலையத்தில் சும்மா ஒலிப்பதிவு செய்து பார்த்திருக்கிறேன். அங்கே ரயில் கண்ணில் படுமுன்பே காற்று வந்துவிடும். முடி பறக்கும், கையிலுள்ள நாளிதழ் படபடக்கும், மேலே படிக்கட்டு வரை ஒரு மூச்சு ஓடும். லண்டன் நிலையம் மூச்சு விடுகிறது, நம்முடையது மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எது நல்லது என்று கேட்டால் பதில் அவ்வளவு எளிதில்லை. ஆனால் அந்த வித்தியாசத்தில் பாதி, நாம் நின்று பார்க்காமல் கடந்துபோகும் வாசலில் இருக்கிறது.

கிணற்றில் நிற்கும் குளிர்

என் பெரியப்பா 1980களில் குளிர்சாதனக் காற்றுக் குழாய்கள் பொருத்தும் வேலை பார்த்தவர். இப்போது தோ பாயோவில் இருக்கிறார். எம்ஆர்டி வாசலுக்குக் கதவே இல்லையே, உள்ளே இருக்கும் குளிர் எல்லாம் வெளியே போய்விடாதா என்று அவரிடம் கேட்டேன்.

"என்னம்மா, படிச்ச புள்ள இதுக்குப் போய் யோசிக்கிற? கெணத்துல தண்ணி எங்க நிக்கும்? அடியில. குளிர்க்காத்தும் அப்படித்தான். கெணத்து வாயைத் தொறந்து வச்சா தண்ணி மேல ஏறி வழிஞ்சிடுமா?"

விஷயம் அவ்வளவுதான். காற்றுக்கு எடை உண்டு. ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள ஒரு நிலையக் கூடத்தை எடுத்துக்கொண்டால், அதில் ஐந்தரை டன்னுக்கும் மேல் காற்று இருக்கிறது. அந்த ஐந்தரை டன்னையும்தான் நாம் காசு கொடுத்துக் குளிர வைக்கிறோம். 25 டிகிரியில் இருக்கும் ஒரு கன மீட்டர் காற்று, வெளியே 32 டிகிரியில் இருக்கும் காற்றைவிட சுமார் 27 கிராம் கூடுதல் எடை. இரண்டு மேசைக்கரண்டிச் சீனியின் எடைதான். ஆனால் அந்தச் சிறு எடை போதும், குளிர்க்காற்று கீழேயே படுத்துக்கொள்ள. வெளியே இருக்கும் வெப்பக்காற்று இலேசானது, அது இறங்கி வந்து குளிரைத் தள்ள முடியாது. வாசல் மேலே இருக்கும்வரை கதவு இல்லாமலே குளிர் நிற்கும்.

குளிர் நாடுகளில் இது தலைகீழ். அங்கே பனிக்காலத்தில் வெளிக்காற்றுதான் கனமானது. உள்ளே ரயில்களும் மக்களும் சூடாக்கிய காற்று படிக்கட்டின் கூரையை ஒட்டி மேலே வெளியேறும், தெருவின் குளிர்க்காற்று அதே படிக்கட்டில் காலை ஒட்டி உள்ளே இறங்கும். ஒரே படியில் இரண்டு ஆறுகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. மின்விசிறி இல்லாமலே நிலையம் மூச்சு விடும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உள்ள நமக்கு அந்தச் சலுகை இல்லை.

குளிரின் எல்லைக்கோடு எந்தப் படியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் குளிர்ந்த ரயிலிலிருந்து இறங்கி மேலே ஏறும்போது கண்ணாடியில் ஆவி படியும் இடத்தைக் கவனித்தால் போதும். எங்கள் வட்டாரத்து நிலையத்தில் டிஷ்யூ விற்கும் சீனப் பாட்டி ஒருவர் உண்டு. அவர் எப்போதும் வாசலிலிருந்து சரியாக நான்காவது படியின் ஓரத்தில்தான் நாற்காலியைப் போடுவார். மேலே கூரை நிழல் இருக்கிறதே, ஏன் அங்கே உட்காரக்கூடாது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கேட்டேன். "சினி செஜுக்" என்றார். இங்கே குளிர்ச்சி. எந்தப் பொறியாளரும் அந்தக் கோட்டை அவரைவிடத் துல்லியமாக வரைந்துவிட முடியாது.

கிணற்றின் அடியில் ஓட்டை இருந்தால் கதை மாறிவிடும். சில நிலையங்கள் பக்கத்துக் கடைத்தொகுதியின் நிலவறையோடு சேர்ந்திருக்கும், அல்லது சரிவான நிலத்தில் ஒரு வாசல் மற்றதைவிடத் தாழ்வாக இருக்கும். அப்போது குளிர்க்காற்று தாழ்ந்த வாசல் வழியாக ஒழுகும், அந்த இடத்தை நிரப்ப உயரமான வாசல் வழியாகச் சூடு உள்ளே இறங்கும். சாலையின் இரு பக்கமும் வாசல் வைத்த நிலையங்களுக்கு வேறு சிக்கல். ஒரு வாசல் காற்று வீசும் திசையைப் பார்த்து நிற்கும், இன்னொன்று முதுகைக் காட்டி நிற்கும். ஒன்றில் அழுத்தம், மற்றதில் இழுப்பு, நடுவில் கூடம் முழுவதும் காற்றோட்டம். குளிர்சாதனம் இல்லாத நிலையத்தில் இது வரம். இருக்கும் நிலையத்தில் கட்டணச் சீட்டில் தெரியும் நட்டம். அதனால்தான் பல வாசல்களில் படி இறங்கியதும் நேராகக் கூடத்துக்குப் போகாமல் ஒரு திருப்பம் வருகிறது. காற்றுக்கு முனை திரும்புவது பிடிக்காது, ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் வேகத்தை இழந்துவிடும். கடைத்தொகுதியோடு சேரும் இடங்களில் தலைக்கு மேலிருந்து வீசும் காற்றுத்திரைகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

1987-இல் போட்ட கதவு

சிங்கப்பூரின் முதல் எம்ஆர்டி 1987 நவம்பர் 7-ஆம் தேதி இயோ சூ காங்குக்கும் தோ பாயோவுக்கும் இடையே ஓடியது. நிலத்தடி நிலையங்களில் தளமேடையின் ஓரம் முழு உயரக் கண்ணாடிக் கதவுகள். கனரக நகர ரயில் ஒன்றில் உலகிலேயே முதன்முறையாக அப்படிப் போட்டது நாம்தான். இன்று அதை எல்லோரும் பாதுகாப்புக் கதவு என்றே நினைக்கிறோம். அன்று முதன்மையான காரணம் குளிர்தான். சுரங்கம் அடுப்பைப் போல் சூடானது. ரயிலின் மோட்டாரும் பிரேக்கும் கொட்டும் வெப்பம் அங்கே. கதவு இல்லாவிட்டால் ஒவ்வொரு ரயிலும் அந்தச் சூட்டைத் தளமேடைக்குத் தள்ளிவரும்.

தள்ளுவது எப்படி என்றால், மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் தண்டு முன்னே போகும்போது முன்னாலுள்ள காற்று போக வழியில்லாமல் தள்ளப்படுகிறது, பின்னால் வெற்றிடம் காற்றை இழுக்கிறது. சுரங்கத்தில் ரயிலும் ஒரு தண்டுதான். லண்டனில் என் முடியைப் பறக்கவிட்டது அது. நம் நிலையங்களில் கண்ணாடிக் கதவு அந்தக் காற்றைச் சுரங்கத்துக்குள்ளேயே அடைத்துவைக்கிறது. அது தெருவோரமுள்ள காற்றுக்கூண்டுகள் வழியாக வெளியேறுகிறது. வாசலுக்கு அருகில் சாய்ந்த பலகைகள் அடுக்கிய சாம்பல் நிறக் கான்கிரீட் பெட்டி ஒன்று நிற்குமே, கழிவறை என்று நினைத்துச் சிலர் சுற்றிவருவார்களே, அதுதான். நிலையத்தின் மூக்கு அங்கே இருப்பதால் வாசலுக்கு வாய் வேலை மட்டும். எங்கள் பதிவில் ரயிலின் தடமே இல்லாததற்குக் காரணமும் இதுவே.

ஹாங்காங்கில் 1979-இல் ரயில் ஓடத் தொடங்கியபோது இந்தக் கதவுகள் இல்லை. பிறகு 2000களில் நிலத்தடி நிலையங்களில் ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். அதற்காகப் பயணிகளிடம் ஒரு பயணத்துக்கு 10 சென்ட் வீதம் வாங்கினார்கள், 2013 வரை. கோலாலம்பூரின் நிலத்தடி எல்ஆர்டி நிலையங்களும் கதவோடு திறக்கப்பட்டவைதான். முன்பே யோசித்துச் செய்வதற்கும் பிறகு ஒட்டுப்போடுவதற்கும் உள்ள வித்தியாசம் ஹாங்காங்கில் அந்த 10 சென்ட்.

நம் வாசலில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். கீழே இறங்க வேண்டிய இடத்துக்கு முதலில் மேலே ஏற வேண்டும். சில படிகள் ஏறி, பிறகு நீளமாக இறங்குகிறோம். முழங்கால் வலிக்காரர்கள் திட்டிக்கொண்டே ஏறுவார்கள். அது வெள்ளத்துக்கான அணை. தெருவில் தண்ணீர் நின்றாலும் வாசலைத் தாண்டிக் கொட்டக்கூடாது என்பதற்காக வாசலின் தரையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். காற்றுக்கு வழி விட்டால் தண்ணீருக்கும் வழி விட்டதாகிவிடும் என்ற பாடத்தை நியூயார்க் எப்படிக் கற்றது என்பது ஒரு பெரிய கதை.

மருத்துவத் துப்பறிவாளர்

நியூயார்க்கின் சுரங்க ரயில் 1904 அக்டோபர் 27-இல் திறக்கப்பட்டது. நிலையப் படிக்கட்டுகளும் ரயில்களின் ஓட்டமும் போதும், காற்று தானே வந்து போகும் என்று நம்பினார்கள். குளிர்காலத்தில் போதுமானதாகத்தான் இருந்தது. அடுத்த கோடையில் உள்ளே புழுக்கம், நாற்றம். செய்தித்தாள்கள் கிழித்தன. சுரங்கக் காற்று நோய் பரப்புகிறது என்ற பயமும் கிளம்பியது.

ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளரை அழைத்து ஆய்வு செய்யச் சொன்னார்கள். அவர் சுரங்கத்தில் இறங்கி வெப்பத்தை அளந்தார், காற்றைப் புட்டிகளில் பிடித்தார், தூசியை எடுத்துப் பார்த்தார். கிருமிகள் தெருவைவிடக் குறைவு. ஆனால் இரும்புத் தூள் ஏராளம், ரயிலின் பிரேக் தேய்ந்து உதிர்ந்த தூள். மக்களை உண்மையில் வதைத்தது வெப்பம்தான். வைத்தியம் எளியது. நடைபாதையில் வெளிச்சத்துக்காகப் பதித்திருந்த கண்ணாடிப் பலகைகளை எடுத்துவிட்டு இரும்புக் கம்பி வலைகள் போட்டார்கள். வாசல் மட்டும் போதவில்லை என்றதும் தெருவின் தரையையே வாசலாக்கினார்கள். 1908-இல் சோப்பர் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். இதே சோப்பர்தான் 1907-இல் சமையல்காரி மேரி மேலன் டைஃபாய்டு காய்ச்சலைப் பரப்பியதைத் துப்புத் துலக்கியவர். 'டைஃபாய்டு மேரி' கதை உலகத்துக்கே தெரியும். தினமும் லட்சக்கணக்கானவர்கள் மிதித்து நடக்கும் கம்பி வலைக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு அவ்வளவாகத் தெரியாது.

அந்தக் கம்பி வலைகளில் ஒன்றின் மேல் நின்றுதான் 1954-இல் மர்லின் மன்றோவின் வெள்ளைப் பாவாடை பறந்தது. ரயில் போனதால் பறந்ததாகப் படத்தில் கதை. ரயிலை நம்பிப் படப்பிடிப்பு நடத்த முடியாது என்பதால் அடியில் விசிறி வைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். என் துறையைச் சேர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

தெருவில் ஓட்டை போட்டால் காற்று மட்டுமா வரும்? 2007 ஆகஸ்ட் 8-ஆம் தேதி காலையில் கொட்டிய மழையில் அந்த வலைகள் வழியே தண்ணீர் இறங்கி நியூயார்க்கின் ரயில்கள் நின்றன. பிறகு பல இடங்களில் வலைகளைத் தரையிலிருந்து உயர்த்தி, உட்காரும் இருக்கையாகவும் மிதிவண்டி நிறுத்தும் இடமாகவும் மாற்றினார்கள். 2012 அக்டோபர் 29-இல் சேண்டி புயல் வந்தபோது கடல்நீரே உள்ளே புகுந்தது. சவுத் ஃபெர்ரி நிலையம் நிரம்பிப்போனது. நாம் முணுமுணுத்துக்கொண்டு ஏறும் அந்தச் சில படிகளின் விலை என்ன என்று அங்கே போய்க் கேட்கலாம்.

புகையும் அதே வழியில்

காற்றோட்டம் வெறும் சுக விஷயமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை இத்தனை நீளத்துக்கு எழுதியிருக்க மாட்டேன்.

நம் எம்ஆர்டி ஓடத் தொடங்கிய 11 நாளில், 1987 நவம்பர் 18 மாலை, லண்டனின் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் தீப்பிடித்தது. மேலே ஏறும்போது சிகரெட் பற்றவைத்த யாரோ போட்ட தீக்குச்சி, மரத்தாலான மின்படியின் அடியில் சேர்ந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கிலும் குப்பையிலும் விழுந்தது. முதலில் சிறிய தீ. அட்டைப்பெட்டி எரிகிற அளவுதான் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். பயணிகளை வேறு மின்படி வழியாக மேலே அனுப்பினார்கள், கட்டணக் கூடத்துக்கு. கால் மணி நேரத்துக்குள் தீ அந்தக் கூடத்தையே ஒரே வீச்சில் நிரப்பியது. 31 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் தீயணைப்பு அதிகாரி.

அவ்வளவு சின்னத் தீ எப்படி அவ்வளவு வேகமாக மேலே பாய்ந்தது என்று விசாரணையில் யாருக்கும் புரியவில்லை. கணினியில் போட்டுப் பார்த்தபோது தீச்சுவாலை நிமிர்ந்து நிற்காமல் மின்படியின் பள்ளத்துக்குள் படுத்துக்கொண்டு ஓடியது. கணினிதான் தப்பு செய்கிறது என்று முதலில் பலர் சொன்னார்கள். சிறிய அளவில் மாதிரி மின்படி செய்து கொளுத்திப் பார்த்தார்கள். கணினி சொன்னதே நடந்தது. 30 டிகிரிச் சாய்வு, இரு பக்கமும் தடுப்பு உள்ள ஒரு வாய்க்கால். அதில் தீ படுத்தால் மேலே உள்ள படிகளைச் சுட்டுச் சுட்டு எரிவாயுவாக்கிக்கொண்டே போகும். அதன் பிறகு மரப்படிகள் படிப்படியாக அகற்றப்பட்டன.

வாசலைப் பற்றி அந்த மாலை சொன்ன உண்மை கசப்பானது. மக்கள் தப்பி ஓடும் வழியும் புகை மேலே ஏறும் வழியும் ஒன்றே. வெப்பமும் புகையும் இயற்கையாகவே மேலே போகும், மனிதரும் மேலேதான் ஓடுவார்கள். புகை நம்மைவிட வேகமாக ஏறும். ஆகவே தீ வந்துவிட்டால் இயற்கைக் காற்றோட்டத்தை நம்பி இருக்க முடியாது. சுரங்கத்தின் பெரிய விசிறிகள் புகையை வேறு கூண்டு வழியாக இழுத்து, வாசல் வழியே நல்ல காற்று கீழே இறங்குமாறு செய்ய வேண்டும். ஓடிவருபவரின் முகத்தில் தெருக்காற்று பட வேண்டும் என்பது நிலையம் கட்டுபவர்களின் கணக்கு. புகை வெளியேறும் கூண்டை வாசலிலிருந்து தள்ளி வைப்பதும் அதற்காகத்தான், வெளியேறிய புகை மறுபடி வாசல் வழியே உள்ளே வந்துவிடக் கூடாது.

நம்மிடமும் மூச்சு முட்டிய ஒரு மாலை உண்டு. 2011 டிசம்பர் 15, வடக்கு-தெற்குப் பாதையில் ரயில்கள் சுரங்கத்தில் நின்றுவிட்டன. தீ இல்லை, புகை இல்லை, மின்சாரம் மட்டும் இல்லை. குளிர்சாதனம் நின்றது, விளக்கு மங்கியது. ஒரு ரயிலில் பயணி ஒருவர் தீயணைப்பானை எடுத்துச் சன்னல் கண்ணாடியை உடைத்தார், காற்றுக்காக. அந்தப் படத்தைக் கைப்பேசியில் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. பிறகு விசாரணைக் குழு அமைத்து ஆராய்ந்தார்கள். மூடிவைத்துக் குளிர வைப்பது நல்ல ஏற்பாடுதான், மின்சாரம் இருக்கும்வரை.

காற்றுக்குக் கதவு செய்தவர்கள்

மாண்ட்ரியலில் 1966-இல் திறந்த மெட்ரோ முழுக்க நிலத்தடியில் ஓடுகிறது, பனிக்கு அஞ்சி. அங்கே வாசலில் கதவு வைத்தே ஆக வேண்டும். ஆனால் ரயில் வரும்போது உள்ளே அழுத்தம் ஏறினால் வயதானவர் கதவை இழுத்துத் திறக்க முடியாது, திறந்தால் அறைந்து சாத்தும். அவர்கள் கண்ட வழி அழகானது. கதவின் கீலை ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்தார்கள். காற்று ஒரு பாதியைத் தள்ளும்போது மறு பாதியையும் அதே அளவு தள்ளும், இரண்டும் சரியாகிவிடும். ஒரு குழந்தைகூடத் திறக்கலாம். பட்டாம்பூச்சிக் கதவு என்று பெயர். வாசல் வடிவமைப்பில் எனக்குப் பிடித்த ஒரே ஒரு பொருளைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

தோக்கியோவின் ஷிபுயாவில் கட்டடக் கலைஞர் தடாவோ அண்டோ 2008-இல் திறந்த நிலையம் இன்னொரு வகை. நிலத்துக்கடியில் மிதக்கும் முட்டையைப் போன்ற வடிவம், நடுவில் தளங்களைத் துளைத்துக்கொண்டு போகும் பெரிய வெற்றிடம். கீழே ரயில்கள் சூடாக்கிய காற்று அந்த வெற்றிடத்தின் வழியே தானாக மேலே ஏறும், வெளிக்காற்று உள்ளே வரும். நம் தாத்தா பாட்டிகளின் ஊர் வீடுகளில் முற்றம் செய்த வேலை அது. இங்குள்ள பழைய கடைவீடுகளின் நடுவிலும் வானம் தெரியும் காற்றுக்கிணறு இருக்கும், முன்னால் ஐந்தடி வழி நிழல் தரும். இந்த ஊரில் காற்றை எப்படி வீட்டுக்குள் அழைப்பது என்று தெரியாமல் இல்லை.

ஆனால் தோக்கியோவுக்குக் குளிர்காலம் உண்டு, வருடத்தில் பல மாதம் வெளிக்காற்றே குளிர்ச்சி. நமக்கு வெளிக்காற்று எப்போதும் சூடு, எப்போதும் ஈரம். 2023 மே 13-இல் அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது, 1983-இல் தெங்காவில் பதிவான உச்ச அளவுக்குச் சமமாக. அந்த மாதிரி ஒரு நாளில் 43 மீட்டர் ஆழத்திலுள்ள பென்கூலன் நிலையத்துக்குள் தெருக்காற்றை இறக்கி வரவேற்க யாரும் விரும்பமாட்டார்கள். 2013 ஜூன் 21-இல் புகைமூட்டக் குறியீடு 401-ஐத் தொட்டபோதும் அப்படித்தான். திறந்த வாசல் நல்ல காற்று, கெட்ட காற்று என்று பார்த்து அனுப்பாது.

ஆகவே நிலத்தடியில் மூடிவைப்பது சரி என்றே எனக்குப் படுகிறது. என் குறை வேறு. வாசலின் மேல்பகுதி, தெருவுக்கும் முதல் படிக்கும் இடையிலுள்ள அந்தக் கூரையிட்ட இடம். அங்கேதான் மழைக்கு ஒதுங்குகிறோம், நண்பருக்குக் காத்திருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்கள் கூடிப் பேசுகிறார்கள், துப்புரவு ஊழியர்கள் நாள் முழுதும் துடைக்கிறார்கள். பல வாசல்களில் அதைச் சுற்றிலும் கண்ணாடி அடைத்துக் கூரையும் கண்ணாடியாக வைத்திருக்கிறார்கள். வெயில் உள்ளே வரும், காற்று வராது, கீழேயுள்ள குளிரும் அதுவரை ஏறாது. பார்க்க அழகு, நிற்கப் புழுக்கம். சுவரை இடுப்பளவில் நிறுத்திவிட்டு, கூரையை நீட்டி, எதிரெதிர்ப் பக்கங்களைத் திறந்துவிட்டால் புளோக்கின் கீழ்த்தளம் மாதிரி காற்று ஓடும். கீழேயுள்ள குளிருக்கும் அதனால் பெரிய நட்டம் வராது, அது கிணற்றுத் தண்ணீர், திருப்பம் ஒன்று இருந்தால் அசையாது. சாரல் அடிக்கும் என்பார்கள். அடிக்கும்தான். கூரை எவ்வளவு நீள வேண்டும் என்பதை ஐந்தடி வழி கட்டியவர்கள் இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

தரைக்கு மேலுள்ள நிலையங்களில் இந்தப் பிரச்சினை குறைவு. அவை தொடக்கம் முதலே திறந்தவை. தண்டவாளத்தின் ஓரம் பாதி உயரக் கதவுகள் 2009-க்கும் 2012-க்கும் இடையில் வந்தபோதும் முழு உயரத்துக்கு அடைக்கவில்லை, அடைத்திருந்தால் காற்று நின்றிருக்கும். பிறகு கூரையில் பெரிய இறக்கைகளோடு மெதுவாகச் சுற்றும் விசிறிகளும் மாட்டினார்கள். இப்போது கட்டப்படும் ஜூரோங் வட்டாரப் பாதையின் 24 நிலையங்களும் தூண்களின் மேல்தான். அங்கே வாசல் தெருமட்டத்தில், தளமேடை மேலே. சூடு கீழிருந்து மேலே போக எந்தத் தடையும் இல்லை. அதைச் சொன்னதும் பெரியப்பா கேட்டது ஒன்றுதான்.

"சரிம்மா, மேல போற மின்படிக்குப் பக்கத்துச் சுவரு எப்படி? கண்ணாடியா, கம்பியா?"

வரைபடங்களைத் தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.